சூப் நன்றாகத்தான் இருந்தது

அந்தக் கடையின் சூப்பைக் குறை சொல்ல முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் கடைமேல் ஏதோ காழ்ப்பு என்று பிறகு நீங்கள் எழுதிக்கொள்ளக்கூடாது. கேரட்டும் உருளைக்கிழங்கும் கரைந்தும் கரையாமலும் இருந்தன. மிளகு அளவாக இருந்தது. கிண்ணத்தை முதலில் சூடாக்கி, அதற்குப் பிறகுதான் சூப்பை ஊற்றிக் கொடுத்தார்கள். கிண்ணத்தைச் சூடாக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

இன்றைக்கு நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். உங்கள் விசாரணைக் கோப்பில் 'கவனக்குறைவு' என்று எழுதி முடிக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இந்த மருத்துவமனையின் திசு லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். என்னை யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கவனம் போதாது என்று மட்டும் சொல்லக்கூடாது.

எங்கள் வேலை உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். நோயாளியின் உடம்பிலிருந்து துளிச் சதை எடுத்து அனுப்புவார்கள். அதை மெழுகில் பதித்து வில்லையாக்கி, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டுப் பெரிய டாக்டரிடம் கொடுப்போம். அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றா இல்லையா என்று எழுதுவார். மெழுகு வில்லையில் ஓர் எண் இருக்கும், ஸ்லைடின் நுனியில் பென்சிலால் எழுதிய அதே எண் இருக்கும். டாக்டருக்கு எண்தான் கணக்கு, ஆள் முகம் தெரியாது. அதனால்தான் தட்டு அவரிடம் போவதற்கு முன்னால் இரண்டு பேர் ஒப்புப் பார்க்க வேண்டும் என்று விதி. ஒருத்தி வில்லையின் எண்ணை வாசிப்பாள், இன்னொருத்தி ஸ்லைடின் எண்ணைத் திருப்பிச் சொல்வாள். முடிந்ததும் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.

அந்த இரண்டு பேர் நானும் சின்னவளும். என்னைவிட நான்கு வயது இளையவள். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரமே பெரிய டாக்டர் எங்களைப் பெரியவங்க, சின்னவங்க என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. பத்தொன்பது வருஷம் எண் வாசித்தோம். "நாலு ஒண்ணு ரெண்டு" என்பேன், "நாலு ஒண்ணு ரெண்டு" என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். சண்டை போட்டுக்கொண்டு முகம் கொடுக்காமல் இருந்த நாட்களில்கூட எண் மட்டும் வாசித்துக்கொள்வோம். பன்னிரண்டே காலுக்கு ஒப்புப் பார்த்தல். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. லேபுக்குள் சாப்பிடக்கூடாது என்பதால் மாடிப்படித் திருப்பத்தில், துணிக்கிடங்குக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்காருவோம். ஜன்னல் பக்கம் அவள் இடம். என் டப்பாவைத் திறந்ததும் முதல் கை அவளுடையதாகத்தான் இருக்கும். தன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, "அக்கா, இதை நீங்களே சாப்பிடுங்க, நான் சமைச்சது எனக்கே பிடிக்கலை" என்பாள்.

என் கணவர் நல்ல மனிதர். அவரைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே வயது போய்விட்டது. அம்மாவும் போன பிறகு அவளுக்கு நான்தான் என்றிருந்தது. அப்படித்தான் நான் வைத்திருந்தேன்.

போன வருஷம் புது இயந்திரம் வந்தது. அதை மாட்டிக் கொடுக்க வெளியூர்க் கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். மூன்று மாதத்து வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பான், அதனால் திருப்புளி என்று நான்தான் பெயர் வைத்தேன். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து அந்தப் பெயரைச் சொன்னால் அவள் சிரிக்கவில்லை.

நகரத்தின் நடுவில், வங்கிகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால், ஒரு புதுச் சாப்பாட்டுக் கடை கண்டுபிடித்திருப்பதாக அவன்தான் சொன்னான். "நீங்களும் வாங்க" என்று என்னையும் பார்த்துத்தான் கூப்பிட்டான். நாங்கள் டப்பா கொண்டுவந்திருக்கிறோம் என்று இருவருக்கும் சேர்த்து நான் பதில் சொன்னேன். "ஒரே ஒரு நாள் போய்ட்டு வந்துடறேன்க்கா" என்றாள். ஒரு நாள் என்பது செவ்வாயும் வெள்ளியும் ஆயிற்று. அந்த நாட்களில் நான் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார மனம் வரவில்லை.

அந்தக் கடையில் ஒரு மணிக்கெல்லாம் சாப்பாடு தீர்ந்துவிடும். நடந்து போக இருபது நிமிஷம். பன்னிரண்டு மணிக்கே கிளம்பினால்தான் இடம் கிடைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒப்புத் தாளை என்னிடம் நீட்டினாள். ஒரு ஸ்லைடுகூடத் தட்டுக்கு வராத நேரம், தாளின் அடியில் அவள் கையெழுத்து இருந்தது.

"நான் போட்டுட்டேன்க்கா. நீங்க ஒரு தடவை பாத்துட்டுக் குடுத்துடுங்க. நீங்க பாத்தா நானே பாத்த மாதிரி."

பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் செய்யாத காரியம் அது. பெரிய டாக்டரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே இது நின்றிருக்கும், திட்டு வாங்கியிருப்பாள், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. சரி, போய்ட்டு வா என்றேன். அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் இரண்டு எண்ணையும் நானே வாசித்து நானே திருப்பிச் சொன்னேன். குரலை மாற்றிக்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை, வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். அப்படி என்ன சொக்குப்பொடி போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. முன்பு கடிகாரம் பழுதுபார்க்கும் கடையாக இருந்த இடம். ஆறே மேசை. கரும்பலகையில் அன்றைய சாப்பாடு ஒன்றே ஒன்று எழுதியிருந்தது. சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே அம்மாள்.

"எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"ஒருத்திதான்."

சுவரோரமாக இருந்த இரண்டு பேர் மேசையைக் காட்டினார். கிண்ணத்தை வைக்கும்போது என் விரல்களைப் பார்த்தார். எங்கள் சாயம் என்ன தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது, ஊதாவும் ரோஜா நிறமுமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ஆஸ்பத்திரி லேபா? எங்க செவ்வாய் வெள்ளிக்காரங்க கையும் இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, அப்ப நீங்கதான் அந்த அக்காவா? மணி அடிச்ச மாதிரி பன்னெண்டரைக்கு டப்பா திறக்குற அக்கா? உங்களை மாதிரியே மூடியைத் தொடைச்சுக் காட்டுவாங்க, நாங்கள்லாம் சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் புடிச்சுக்குவோம்."

நான் டப்பா மூடியைத் திறந்ததும் உள்பக்கம் துடைப்பேன். ஆவித் தண்ணீர் சாதத்தில் சொட்டக்கூடாது என்பதற்காக. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் புன்னகைத்தேன்.

"ரெண்டு பேரும் இந்த மேசைலதான் பேசி முடிச்சாங்க" என்றார் அந்த அம்மாள். "கல்யாணம் ஆனதும் அவர் ஊருக்கே போறாங்களாம், அதே கம்பெனியில இவங்களுக்கும் வேலையாம். அடுத்த மாசமே சேரணுமாமே. எங்களுக்குத்தான் ரெண்டு நல்ல வாடிக்கை குறையுது." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"அதானே பாத்தேன். அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வாரமா தவிச்சுட்டிருந்தாங்க. சொல்லிட்டாங்களா, நல்லது."

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். எனக்கு வயிறு எரிந்தது. அவனைப் பார்த்துக்கூட இல்லை, அந்த மேசையைப் பார்த்து. அதில் ஒரு கால் கொஞ்சம் குட்டை, அட்டையை மடித்து அடியில் வைத்திருந்தார்கள். அந்த அட்டை எங்கள் லேபில் ஸ்லைடு வரும் பெட்டியின் மூடி. எங்கள் லேபிலிருந்து அவள் எடுத்துப்போய் மடித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் அவளுக்கு இன்னொரு வீடு இருந்த மாதிரி இருந்தது. சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தேன். அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னேன். இரண்டு மணிக்கு லேபில் இருந்தேன்.

அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. சொல்லவில்லை.

புது வேலைக்கு மருத்துவச் சான்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் அதை ஆண்டுப் பரிசோதனை என்று சொன்னாள். அவள் மார்பில் ஒரு சின்னக் கட்டி இரண்டு வருஷமாக இருந்தது, வளரவும் இல்லை, வலிக்கவும் இல்லை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று திங்கட்கிழமை ஊசியால் துளிச் சதை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை அது ஸ்லைடாகி எங்கள் தட்டுக்கே வந்தது. அவள் எண் நானூற்றுப் பதின்மூன்று.

பன்னிரண்டு மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். "என்னோடதும் இதுல இருக்குக்கா. எப்படியும் நீங்க எட்டிப் பாப்பீங்க. பாத்தா ஒரு வார்த்தை மெசேஜ் போடுங்க" என்றாள். ஒப்புத் தாளில் அவள் கையெழுத்து காலையிலேயே போட்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண். 413 சுத்தமாக இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாத சாதாரணக் கட்டி. எனக்கு நிம்மதியாக இருந்தது, இதை நீங்கள் நம்ப வேண்டும். அதே தட்டில் இன்னொரு பெண்ணின் மார்புச் சதையும் இருந்தது, 418. அது சுத்தமாக இல்லை.

நாங்கள் எழுதும் மூன்றை எட்டாக்க ஒரு நொடி போதும், இடது பக்கம் இரண்டு வளைவைச் சேர்த்தால் முடிந்தது. எட்டை மூன்றாக்கத்தான் ரப்பர் வேண்டும். நான் முதலில் மூன்றை எட்டாக்கினேன். இரண்டு ஸ்லைடிலும் 418 என்று இருந்தது. அப்போதுகூட அதை அழித்திருக்கலாம். டப்பாவை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்ச் சாப்பிட்டேன். திரும்பி வந்து ரப்பரை எடுத்து, இன்னொன்றை மூன்றாக்கினேன். பிறகு விதிப்படி வாய்விட்டு வாசித்தேன். எல்லா எண்ணும் சரியாக இருந்தது. என் கையெழுத்தை அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் போட்டேன். மெசேஜ் போடவில்லை.

ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் பயப்படட்டும், அவன் என்ன செய்கிறான் என்று அவளும் பார்க்கட்டும், அதற்குப் பிறகு ஏதோ சந்தேகம் என்று நானே சொல்லித் திருத்திவிடலாம் என்று.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவள் நேராக அந்தப் பெஞ்சுக்கு வந்தாள். அவனிடம் போகவில்லை. என் மடியில் தலையை வைத்து அழுதாள். கல்யாணம், புது வேலை, புது ஊர் எல்லாவற்றையும் அப்போதுதான் என்னிடம் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். "உங்ககிட்ட மறைச்சதுக்குத்தான்க்கா எனக்கு இப்படி" என்றாள். அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அதட்டினேன். அன்றைக்கு என் டப்பாவிலிருந்து நான்தான் அவளுக்கு ஊட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, கட்டியின் தன்மையைப் பார்க்க இன்னொரு ஸ்லைடு கேட்டார்கள். 418-ஆம் வில்லையிலிருந்து சீவி, 413 என்று எழுதிக் கொடுத்தேன். சின்னவள் விடுப்பில் இருந்ததால் இரண்டாவது கையெழுத்தைப் பெரிய டாக்டர் நடந்துகொண்டே போட்டார். அந்தத் தாளை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை, அலமாரியில் மேலிருந்து மூன்றாவது கோப்பில் இருக்கிறது. இரண்டு தடவை செய்ததைக் கவனக்குறைவு என்று எழுத முடியாது, இல்லையா?

ஐந்து மாதம் கீமோ. ஒவ்வொரு முறையும் நான்தான் கூடப் போனேன். என் விடுப்பெல்லாம் தீர்ந்து, சம்பளமில்லாமல் போட்டேன். உப்பும் காரமும் ஆகாது என்பதால் தனியாகச் சமைத்துக் கொண்டுபோனேன். முடி கொட்டத் தொடங்கியதும் நானே வழித்துவிட்டேன், ஒரு கீறல் விழவில்லை. கல்யாணம் தள்ளிப்போயிற்று. வேலை வேறு யாருக்கோ போயிற்று. திருப்புளி ஓடிப்போவான் என்று எதிர்பார்த்தேன், அவன் ஓடவில்லை. வாராவாரம் பஸ் பிடித்து வந்தான். ஆனால் எந்த மாத்திரை எப்போது, எதைச் சாப்பிட்டால் வாந்தி வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. "அக்கா, இதைக் குடுக்கலாமா?" என்று என்னைத்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் அவனால் தங்கவும் முடியாது. அந்த ஐந்து மாதமும் எனக்கு மனம் நிறைந்திருந்தது. அவள் கஷ்டப்பட்டாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஐந்து மாதம் கழித்து எப்படிச் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

இடது மார்பை எடுத்தார்கள். எடுத்த சதையும் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. அதில் புற்றின் சுவடே இல்லை. மருந்து அவ்வளவு அருமையாக வேலை செய்திருக்கிறது என்று பெரிய டாக்டரே வந்து அவள் கையைக் குலுக்கினார். அந்தக் கடைக்கார அம்மாள் ஒரு பெரிய தூக்குவாளியில் சூப் கொடுத்தனுப்பியிருந்தார். வார்டில் எல்லோருக்கும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த மாதம் அந்த 418 வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். சீருடையிலேயே வந்திருந்தாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்தாளாம். ஒன்றுமில்லை என்று எழுதிய ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் காட்டி, "அப்புறம் ஏங்க இது இவ்வளவு பெருசா ஆச்சு?" என்று கேட்டாளாம். முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் முடியும் என்கிறார்கள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எனக்கு அவளைத் தெரியவே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பழைய வில்லைகளை எடுத்தீர்கள், ஸ்லைடு மாறியிருக்கிறது என்றீர்கள், தாளில் இரண்டு கையெழுத்தைப் பார்த்தீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை கேட்பதற்குள் சின்னவள் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், அக்கா ஒரே ஆளாகத் திணறியிருப்பார்கள், தப்பு என்னுடையது என்றாள். "என் தப்புக்கு நான் அனுபவிச்சுட்டேன். அந்த வேன்காரம்மா என்ன பண்ணுச்சு?" என்று என்னிடம் கேட்டாள். யாருக்கும் கை தவறும் என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். தினமும் போய் அந்தப் பெண்ணின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குணம் அப்படி. நான் பேசாமல் இருந்திருந்தால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு எனக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

நேற்று அந்தத் திருப்புளி இந்த அறைக்கு வந்தான். நான் வெளியே பெஞ்சில்தான் இருந்தேன், கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கே அவளை இழுத்துக்கொண்டு போனது நான், அவசரப்படுத்தியது நான், அவளுக்கு நடந்ததெல்லாம் என்னால்தான், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றான். வெளியே வந்தபோது சின்னவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன செய்வீங்க, விடுங்க" என்றாள். என்னைத் தாண்டித்தான் இருவரும் நடந்து போனார்கள். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டு. எங்கே போனார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் வந்தேன். கோப்பில் அவன் பெயர் இருக்கக்கூடாது. அவன் என்ன செய்தான்? சூப் வாங்கிக் கொடுத்தான், அவ்வளவுதான். அவள் முடி, அவள் மார்பு, அவள் கல்யாணம், அவள் வேலை, ஒவ்வொன்றும் என் கையால் போனது. திட்டம் போட்டு, தெரிந்தே, இரண்டு தடவை நான் செய்தேன். அந்த ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மூன்றுக்கு அடியில் எட்டின் தடம் தெரியும். அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். சின்னவள் பெயரையும் எடுத்துவிடுங்கள்.

சின்னவளைப் பன்னிரண்டரைக்கு இங்கே வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். அவளிடம் இதைச் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன். அவளுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும், அழுவாள், அழுதால் அவளுக்கு உடனே பசிக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் டப்பா கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.